படுக்க வைத்த கழியும் நாலு லேப்டாப்பும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசனை. பேப்பரை எடுத்து உட்காருவேன். கங்கையம்மனை நினைத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அத்தோடு நின்றுவிடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தச் சில வருஷத்தில் பிள்ளையார் சுழி மட்டும் கைக்கு நன்றாகப் பழகிவிட்டது.

தயங்கியதற்குக் காரணம் உண்டு. என் மகளின் வேலை சம்பந்தப்பட்டது இது. கூடவே, என் வீட்டில் கை நனைத்த மூன்று பேரைப் பற்றியது. சாப்பிட்டுப் போனவர்களைப் பற்றிப் பின்னால் பேசுவது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை. போன மாதம் மகளே சொல்லிவிட்டாள்: "எழுது நைனா. பேரு மட்டும் போடாத. அவங்களே இதச் சொல்லித்தான் சிரிச்சிகினு கீறாங்க." அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். மகள் பொன்னேரிப் பக்கம் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற வேலை. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் போகிறவர், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். பிரசவத்துக்கு வந்த மகள், குழந்தை பால்குடி மறக்கிற வரை இங்கேயே இருந்து வேலை பார்க்கிறேன் என்று கம்பெனியில் கேட்டாள். சரி என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: நெட் அறுந்தால் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் நெட் கிடைக்கிற இடம் ஒன்றுதான். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலை. அங்கே தகர ஷீட் போட்டு, ஒரு மேசை வைத்து, பக்கத்தில் தூளியும் கட்டினேன். கடல் காற்று வேகமாக அடித்தால் ஷீட் தடதடக்கும், நெட் போய்விடும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. மகளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

தினமும் காலையில் பத்து மணிக்கு அவர்களுக்கு லேப்டாப்பிலேயே ஒரு கூட்டம். நான் ஏரியிலிருந்து வந்து, குளித்து, அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், எல்லாம் காதில் விழும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று ஒவ்வொருவரும் ஒப்பிப்பார்கள். நான் கேட்ட வரையில் ஒருவர் வாயிலிருந்தும் 'தெரியாது' என்ற சொல் வந்ததில்லை. 'பாத்துகிட்டு இருக்கேன்' என்பார்கள். 'கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு' என்பார்கள். 'என் மிஷின்ல நல்லா ஓடுதே' என்பார்கள்.

"கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சின்னா இன்னாமா?" என்று ஒரு நாள் மகளைக் கேட்டேன்.

"இன்னும் ஆரம்பிக்கலன்னு அர்த்தம் நைனா."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெறும் கூடையோடு கரை ஏறுகிறபோது நாங்களும், "காத்து சரியில்ல", "தண்ணி தெளிஞ்சிகினு கீது", "நாளைக்குப் பாரு" என்றுதான் சொல்கிறோம். இறால் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை என்று எவன் சொல்லியிருக்கிறான்? ஏரிக்குப் போய் வந்த அலுப்பில் அந்தப் படியில் உட்கார்ந்து கேட்கையில், மேலே பேசுகிறவர்களும் என்னைப்போலத்தான் அலுத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். படகின் முகப்பில் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரி பக்தியோடு லேப்டாப்புக்கும் சந்தனம் குழைத்து வைத்தாள். முகப்பில் நடுவே சின்னதாகக் கண் மாதிரி ஒன்று இருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் என்று நினைத்து, அங்கேயே அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் இட்டுவிட்டாள். அதுதான் கேமரா. மறுநாள் கூட்டத்தில் மகளின் முகம் வர வேண்டிய இடத்தில் செக்கச்செவேல் என்று ஏதோ தெரிந்ததாம். மகளுக்குக் காரணம் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் வரவில்லை. "செட்டிங்க்ஸ் பாத்துகிட்டு இருக்கேன் சார்" என்று சொல்லி ஒரு மணி நேரம் ஓட்டினாள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களும், "எங்க ஆபீஸ்லயும் ரெண்டு பேருக்கு இப்படித்தான் வருது" என்றார்களாம்.

இதெல்லாம் விளையாட்டு. வினை ஒரு புதன்கிழமை வந்தது.

வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவருக்காக இவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாங்கின சாமானை ஆட்கள் திருப்பி அனுப்பினால் அது எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று சொல்கிற புரோகிராம். அதில் பழைய பாகம் ஒன்று இருந்தது. எழுதினவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆயிற்று. அது எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தொட்டால் வேறு எங்கோ உடையும். அதைப் புதிதாக எழுதி அடுத்த திங்கட்கிழமை காட்ட வேண்டும். "இந்தப் பாகம் யாருக்குத் தெரியும்? யார் எடுத்துக்கிறீங்க?" என்று அவர்களுடைய லீடர் கூட்டத்தில் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது, ஷீட் தடதடத்தது, நெட் நின்றது. மகள் அப்போதுதான் தூளியில் குழந்தை தூங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்துச் சிரித்திருக்கிறாள். அந்தப் படம் அப்படியே உறைந்துபோய், தலையைச் சாய்த்துச் சிரித்த முகமாக அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "சூப்பர், அவங்க தலையாட்டிட்டாங்க" என்று லீடர் அவளுக்கே கொடுத்துவிட்டார்.

நெட் திரும்பி வந்தபோது எல்லோரும் இவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

'நான் தலையாட்டவில்லை, நெட் போயிற்று' என்று மகள் சொன்னால் நிபந்தனை உடைந்தது, மறு மாதமே சென்னை, ஹாஸ்டல். தெரியும் என்று இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காட்ட முடியாமல் போனாலும், வீட்டிலிருந்து பார்ப்பதால்தான் இப்படி என்று ஆகும். மறுபடியும் சென்னைதான். குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, அம்மா நெஞ்சைத் தவிர எதையும் வாயில் வைக்காது. மகள் பால் கொடுக்கிறபோதும் கண்ணை லேப்டாப்பிலேயே வைத்திருந்தாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள். என் வீட்டுக்காரி பூஜை அறையில் நின்று வாய்விட்டே கேட்டாள்: "தாயே, எங்களுக்குத்தான் இந்த மிஷினப் பத்தி ஒண்ணும் தெர்ல. உனக்காவது தெரியுமா?"

வெள்ளிக்கிழமை லீடரே போன் செய்தார். "நாங்க மூணு பேரும் நாளைக்கு வீட்டுக்கே வர்றோம். உக்காந்து முடிச்சிடலாம். நண்டு கிடைக்கும்ல?"

சனிக்கிழமை காலையில் ஒரு காரில் வந்து இறங்கினார்கள். லீடருக்கு நாற்பது வயது இருக்கும், முன்தலையில் முடி கொட்டி, கண்ணுக்குக் கீழே கருவளையம். மற்ற இருவரில் ஒருவர் கண்ணாடி போட்ட இளைஞர். இன்னொருவர் மகள் வயதுப் பெண். நாலு பேரும் மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நாலு லேப்டாப்பையும் திறந்தார்கள். அப்புறம் பேச்சுதான் பேச்சு. ஒருவர் சொன்னால் மற்றவர்கள் "கரெக்ட், கரெக்ட்" என்றார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள், இனி என் மகளுக்குக் கவலையில்லை என்று நினைத்தேன்.

கண்ணாடிக்காரர் தன் லேப்டாப்பில், எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற ஏ.ஐ. மிஷினிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அது பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தது. ஓட்டிப் பார்த்தால் ஓடவில்லை. ஓடவில்லை என்று சொன்னால், மன்னிக்க வேண்டும், நீங்கள் சொல்வது சரி என்று பணிவாகச் சொல்லி வேறொன்று கொடுத்தது. அதுவும் ஓடவில்லை. டீ கொண்டுபோன என் வீட்டுக்காரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இது இன்னாபா, எங்க சின்ன மாமனாராட்டம் கீது! வழி கேட்டா தெர்லன்னு சொல்லவே மாட்டாரு. கை காட்டுவாரு. அப்படியே போனா சேறு. திரும்பி வந்து கேட்டா, 'ஆமாமா, அந்தப் பக்கம் சேறுதான்'னுவாரு."

மத்தியானம் நண்டுக் குழம்பு, இறால் தொக்கு. நன்றாகச் சாப்பிட்டார்கள். வேடிக்கை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் கண்ணாடிக்காரர் தண்ணீர் கேட்டுச் சமையல்கட்டுக்கு வந்தார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரியிடம், "ஆன்ட்டி, மேல பேசுறது எதுவும் எனக்குப் புரியல. அவங்க மூணு பேருக்கும் புரியுது. நான் சும்மா தலையாட்டிட்டு இருக்கேன். சொல்லிடாதீங்க ஆன்ட்டி" என்றிருக்கிறார். சொல்ல மாட்டேன் என்று அவள் அம்மன் படத்தைக் காட்டிச் சத்தியம் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கை கழுவ வந்தாள். "அம்மா, மானம் போகுதும்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல. அவங்க எல்லாம் எவ்ளோ ஷார்ப்பா பேசுறாங்க!" அதற்கும் ஒரு சத்தியம்.

லீடர் என்னைத் தேடி வாசலுக்கு வந்தார். நான் வேப்பமரத்தடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் குந்தினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் கையால புரோகிராம் எழுதி அஞ்சாறு வருஷம் ஆச்சு. மீட்டிங் போடுறதுதான் இப்ப என் வேலை. அந்தப் பழைய பாகத்தப் பாத்தா எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. உங்க பொண்ணு எடுத்துக்கிட்டதும் எனக்கு உயிர் வந்துச்சு. தெரிஞ்ச ஆள் ஒண்ணாவது இருக்கேன்னு."

அவளுக்கும் தெரியாது என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று அவர் என் கையைப் பிடித்தார். கங்கையம்மன்மேல் சத்தியம் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே போனேன். என் வீட்டுக்காரி கதவை ஒருக்களித்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "இன்னாயா, மேல கீறவங்க ரெண்டு பேருக்கு ஒண்ணும் தெரியாதாம்."

"சத்தியம் பண்ணேன்ற, என்கிட்ட சொல்ற?"

"உன்கிட்ட சொன்னா சொன்னாப்பலயா? நீ வேற, நான் வேறயா?"

அந்த நியாயத்தில் லீடர் சொன்னதை நானும் அவளுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாடியில் நாலு பேர். நாலு பேருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேருக்குத் தெரியும் என்று நினைத்துக் "கரெக்ட், கரெக்ட்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும். எங்கள் வாயை அம்மன் கட்டிவிட்டாள். மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பாரம் இறங்கும். சத்தியத்தை என்ன செய்வது? பேத்தி சிணுங்கியது. மகள் மேலிருந்து, "அஞ்சு நிமிஷம்மா" என்றாள். அது பசியில் அழுது அழுது பாட்டி தோளிலேயே தூங்கிவிட்டது.

இங்கே எங்கள் ஊர் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியைப் பாடு பாடாக, அதாவது வலை போடுகிற இடம் இடமாகப் பிரித்திருக்கிறோம். எந்தப் பாட்டில் என்றைக்கு யார் வலை போடலாம் என்பது முறை வைத்து வரும். தன் முறை அன்று ஒருவனுக்கு முடியாது என்றால், முதல் நாள் பொழுது சாய்வதற்குள், படகு தள்ளுகிற மூங்கில் கழியைக் கொண்டுவந்து அம்மன் கோயில் வாசலில் படுக்க வைத்துவிடுவான். மற்ற கழிகள் சுவரில் சாய்ந்து நிற்கும். படுத்திருக்கிற கழிக்குரியவனின் முறை அடுத்தவனுக்குப் போகும். அவனும் படுக்க வைத்தால் அதற்கடுத்தவனுக்கு. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அம்மனுக்கு ஆகாது. ஏன் என்றுதான் கேட்கக் கூடாதே தவிர, கழியின் சுகத்தை விசாரிக்கலாம். அதை எங்கள் ஆட்கள் நன்றாகவே விசாரிப்பார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் முறை. வலது தோளில் எனக்கு அப்போது ரொம்ப நாளாக வலி, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. விருந்தாளிகள் வந்திருக்கிற நாளில் போய்க் கழியைப் படுக்க வைக்க வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் தோள் கேட்குமா? வெயில் தணிந்ததும் கழியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "நாங்களும் வர்றோம் ஐயா, உக்காந்து உக்காந்து முதுகு போச்சு" என்று லீடர் எழுந்தார். நாலு பேரும் கூடவே வந்தார்கள்.

கோயிலை ஒட்டி டீக்கடை. நான் கழியைப் படுக்க வைத்துக் கும்பிட்டு நிமிர்வதற்குள் பங்காளி ஒருவன் ஆரம்பித்தான்.

"இன்னா பங்காளி, கழிக்கு மேலுக்கு சரியில்லியா? போர்த்தி வுடு, பனி பெய்யுது."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

லீடர் ஒன்றும் புரியாமல், "ஏன் ஐயா இத மட்டும் படுக்க வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டார்.

சிரித்தவர்கள் எல்லோரும் டீ கிளாசுக்குள் குனிந்துகொண்டார்கள். பங்காளிதான் எழுந்து வந்து அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னான்: "சார், அதெல்லாம் கேக்கக் கூடாது சார். அம்மனே கேக்கல."

லீடர் மகளைப் பார்த்தார். அவள் கழியையே பார்த்துக்கொண்டு, "முடியலன்னா இப்படி வெச்சிடுவாங்க சார். அவ்ளோதான். அடுத்தவங்க எடுத்துப்பாங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். மாடிக்குப் போனதும் மகள் லேப்டாப்பை மூடினாள். மேசையிலிருந்து எடுத்துக் கீழே பாயில் வைத்தாள்.

"சார், அன்னிக்கு நான் தலையாட்டல. நெட் நின்னுபோச்சு, படம் அப்படியே நின்னுடுச்சு. அந்தப் பழைய பாகம் இன்னான்னே எனக்குத் தெரியாது. இத்தனை நாளா பாத்தும் தெரியல."

நானும் என் வீட்டுக்காரியும் படியில் நின்றிருந்தோம். ஹாஸ்டல்தான், முடிந்தது என்று நினைத்தேன். கண்ணாடிக்காரர் மெதுவாக, "ஏன்னு கேக்கலாமா?" என்றார்.

"கேக்கக் கூடாதுடா, லூசு" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப சரி" என்று அவர் தன் லேப்டாப்பை மூடிப் பாயில் படுக்க வைத்தார். அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் வைத்தாள். லீடர் மூன்றையும் பார்த்தார். "அப்படின்னா அடுத்த முறை எனக்கா?" என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு அவருடையதையும் மூடி, வரிசையாக, ஓரம் சரிபார்த்து வைத்தார்.

நாங்கள் இருவரும் செய்த மூன்று சத்தியமும் ஒரே நேரத்தில் இறங்கின சந்தோஷம் என் வீட்டுக்காரிக்கு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி குலுங்கினாள். அவளைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் சிரித்தார். அப்புறம் எல்லோருமே. மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"எல்லாருமே படுக்க வெச்சிட்டா என்ன பண்ணுவாங்க உங்க ஊர்ல?" என்று லீடர் கேட்டார்.

"அன்னிக்கு அந்தப் பாட்டுக்கு யாரும் போகக் கூடாது" என்றேன். "அம்மனுக்கு ஒரு விளக்கு ஏத்திட்டு வூட்டுக்குப் போயிடுவோம். ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் ஊரே படுக்க வெச்சிது."

"விளக்கு ஏத்தினா வெளிநாட்டுக்காரன் ஒத்துப்பானா?"

ஒத்துக்கொள்வானோ இல்லையோ, என் வீட்டுக்காரி ஏற்றிவிட்டாள். லீடர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அந்த வெளிநாட்டுக்காரருக்கு நெட்டிலேயே போன் செய்தார். "எங்களில் யாருக்கும் அந்தப் பாகம் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னார். மகள் எனக்கு மெதுவாக அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தாள். எதிர்ப்பக்கத்தில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. காற்றுகூட அடிக்கவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று எல்லோரும் அண்ணாந்து ஷீட்டைப் பார்த்தோம்.

அப்புறம் அந்த மனிதர் பேசினார். அந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாதாம். இங்கே இருப்பவர்களுக்குத்தான் அது வேண்டும்போல என்று நினைத்து, கேட்டால் கேவலம் என்று இத்தனை நாள் கேட்காமல் இருந்தார்களாம். திங்கட்கிழமை விசாரித்துவிட்டு, அது வேண்டவே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாகக் கூடிவரும் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. போகும்போது லீடர் மகளிடம், "நெட் போனத நீயே எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. இனிமே நான் மறைக்க முடியாதும்மா. என்னால ஆனத பாக்குறேன்" என்றார். அவரால் ஆனது இதுதான்: மாதத்தில் மூன்று வாரம் வீடு, ஒரு வாரம் ஆபீஸ். முதல் தடவை மகள் விடியற்காலையில் பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போனபோது குழந்தை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க நானும் என் வீட்டுக்காரியும் மாறி மாறித் தூளி ஆட்டினோம், நான் இடது கையால். முதல் இரண்டு நாள் விரலில் தொட்டுத் தொட்டு வைத்த பால்தான் உள்ளே இறங்கியது, மூன்றாம் நாள் பாலாடையில் கொஞ்சம் குடித்தது. இன்றைக்கு அது பால்வாடிக்குப் போகிறது. எதைக் கேட்டாலும் கையை விரித்து, "தெர்ல" என்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தக் கதை ஊரில் எப்படியெல்லாம் திரிந்துவிட்டது என்பதாலும்தான் எழுதினேன். டீக்கடையில், கங்கையம்மன் குங்குமம் வைத்ததும் கம்ப்யூட்டர் தானே சரியாகிவிட்டது என்கிறார்கள். அம்மன் அன்றைக்கு என் வீட்டு மாடியில் இருந்தாள் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவள் செய்தது அது இல்லை. அனுப்பம்பட்டில் என் மச்சினி வீட்டில் வேறு விதம்: என் மகள் ஒரே நாளில் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வெளிநாட்டுக்காரனுக்கே பாடம் எடுத்தாளாம். வாய் மாற மாற, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துபோய்விட்டது.

அதனால் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது இதைச் சொல்லுங்கள், தடையில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என் மகளைக் கெட்டிக்காரி ஆக்க வேண்டாம். லீடரை முட்டாளாகவும் ஆக்க வேண்டாம். 'தெரியாது' என்று யார் எந்த இடத்தில் சொன்னார்களோ, அந்த இடத்தில் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சொன்னதற்காக ஒரு குழந்தை ஒரு வாரம் அழுதிருக்கிறது.